மிச்சமிருக்கும் வலு



இன்றைய பொருள், தீராத நோயோடு வாழ்பவர்களின் திறமையும் அவர்களுடைய வேலையும். தலைப்பைக் கேட்டதும், இது யாரோ சிலரைப் பற்றிய பேச்சு என்று இந்த அரங்கில் ஒருவரும் நினைக்க முடியாது. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் சுமார் 10 கோடிப் பேர் என்றது அது. அதோடு ரத்த அழுத்தம், ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இத்தனை பேரும் வீட்டில் படுத்தா கிடக்கிறார்கள்? பஸ் ஓட்டுகிறார்கள். வகுப்பெடுக்கிறார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரிக்கிறார்கள். கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு காரியத்தைச் சொல்லாமல் செய்கிறார்கள். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்குகிறார்கள்.

ஏன் ஒளிக்க வேண்டும்? கேள்வி கேட்கும் முறை அப்படி இருக்கிறது. வேலைக்கான படிவத்தில் நோய் உண்டா என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. நேர்காணலில், "இதனால் உங்களுக்கு என்னென்ன செய்ய முடியாது?" என்று கேட்கிறார்கள். முடியாதது என்ன என்று கேட்டுக் கேட்டே பழகிப்போன உலகம் இது. முடிவது என்ன என்று ஒருவர் கேட்டால் என்ன நடக்கும்? அப்படிக் கேட்ட ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது நம் மண்ணில், செங்கல்பட்டிலும் வேலூரிலும் நடந்த கதை.

1946-ல் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் கட்டடத் தொழில் பழகியவர். உளியும் இழைப்புளியும் அவர் கைக்குப் பழக்கம். செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக்காட்டினார். அங்கே பிராண்ட் பார்த்தது முகங்களை அல்ல, கைகளை. மடங்கி, நகம்போல் வளைந்து, திறக்க முடியாமல் இருந்த கைகள். ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, "எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்து" என்றார். வலுவே இருக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த மனிதர் அழுத்தினார். மருத்துவருக்கு வலி பொறுக்கவில்லை.

அந்த ஒரு அழுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. செத்துப்போன கை என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? பிராண்டும் அவருடைய குழுவினரும் கை கையாகச் சோதித்துக் குறிப்பெடுத்தார்கள். எந்தத் தசை போயிற்று என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்தத் தசை இன்னும் நன்றாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். அதில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முழங்கைக்குக் கீழே உள்ள பெரிய தசைகளில் சில கடைசிவரை வலுவோடு இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் தசைநாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் என்ன? இணைத்தார்கள். 1940-களின் இறுதியில் வேலூரில் மடங்கிய விரல்கள் நிமிரத் தொடங்கின.

இதோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் மருத்துவ வெற்றி. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததுதான். கை நிமிர்ந்தவர்கள் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஒருவர் சொன்ன குறை பிராண்டை உலுக்கியது. பழைய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்துக் காசு போடுவதில்லை. வேலை கேட்டால் தொழுநோயாளி என்று விரட்டுகிறார்கள். பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. கை நன்றாகிவிட்டது, பிழைப்பு போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். உடம்பைச் சரிசெய்த பிறகும் ஒரு மனிதரை உலகம் பழைய இடத்திலேயே நிறுத்திவைக்கிறது என்றால், கோளாறு யாரிடம் இருக்கிறது?

அதனால்தான் 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் புதுவாழ்வு நிலையம் என்று சில எளிய குடிசைகளும் ஒரு பட்டறையும் எழுந்தன. அங்கே தச்சு வேலை கற்றுக்கொண்டார்கள், மர பொம்மைகள் செய்தார்கள். ஆனால் அங்கும் ஒரு சிக்கல். தொழுநோய் தொடு உணர்வைப் பறித்துவிடுகிறது. சூடு தெரியாது, சிராய்ப்பு தெரியாது. பிராண்ட் நினைவுகூரும் ஒரு சம்பவம் உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே முறுக்கில் திருப்பிவிட்டான். தரையில் ரத்தத்துளி. பார்த்தால் அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை.

அப்படிப்பட்ட கைகளிடம் சுத்தியலைக் கொடுக்கலாமா? கூடாது என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வேறு வழி பார்த்தார்கள். தினமும் ஒவ்வொருவரின் கையையும் பரிசோதித்தார்கள். எந்தக் கருவி எந்த இடத்தில் கொப்புளம் போடுகிறது என்று தேடினார்கள். பிடியை மாற்றினார்கள். வேலை செய்பவர்களே தங்கள் கையைக் கண்ணால் பார்த்துக் காக்கப் பழகினார்கள். வலி சொல்லாத செய்தியைக் கண் சொல்லும்படி பழக்கிக்கொண்டார்கள். இன்று தொழுநோய் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகிறது. ஆனாலும் வேலூர் சொன்ன பாடம் இன்றைய ஒவ்வொரு நோய்க்கும் பொருந்தும்: முதலில் மிச்சமிருக்கும் வலுவைத் தேடு, அடுத்து அந்த வலு வேலை செய்வதற்கு ஏற்ற இடத்தை உண்டாக்கு. இரண்டில் ஒன்றை விட்டாலும் காரியம் நடக்காது.

முதல் பகுதியை உளவியலாளர்களும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் பியாட்ரிஸ் ரைட் 1960-லேயே உடல் ஊனம் பற்றிய தம் நூலில், ஒருவரின் குறைகளை எவ்வளவு கவனமாக எழுதுகிறோமோ அவ்வளவு கவனமாக அவருடைய பலங்களையும் எழுத வேண்டும் என்ற நோக்கை முன்வைத்தார். பின்னால் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-ல் மனிதப் பண்பின் பலங்களை 24 என வகுத்தார்கள். துணிவு, விடாமுயற்சி, கருணை, நகைச்சுவை, கற்கும் ஆர்வம் என்று அந்தப் பட்டியல் போகும். 2006-ல் நான்சுக் பார்க்கோடு சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடல்நோய் மனிதரின் வாழ்க்கைத் திருப்தியைக் குறைக்கிறது. ஆனால் துணிவும் கருணையும் நகைச்சுவையும் ஓங்கியவர்களிடம் அந்த இழப்பு குறைவாக இருக்கிறது என்றது அது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிடாது. ஆனாலும் நோயாளியிடம் கேட்கத்தக்க புதிய கேள்விகளை அது கொடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பலம், பலம் என்று பேசுவதை நோயாளியின் தலையில் இன்னொரு மூட்டையாக ஏற்றிவிடக்கூடாது. "நீங்கள்தான் தைரியசாலி ஆயிற்றே, சமாளித்துக்கொள்வீர்கள்" என்று முதுகைத் தட்டிவிட்டு நைட் ஷிப்ட் போடுவது பாராட்டு அல்ல; அது கைவிடுதல். தைரியத்தைப் புகழ்ந்துவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர் உண்டு. அதை நாம் ஒத்துக்கொள்ளக்கூடாது.

வேலூரின் இரண்டாவது பகுதிக்கு, அதாவது இடத்தை உண்டாக்குவதற்கு, இன்னொரு கையைப் பார்ப்போம். இது ஒரு விஞ்ஞானியின் கை.

டோரதி ஹாட்ஜ்கின் ஆக்ஸ்போர்டில் படிகங்களை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தவர். 1934-ல், 24 வயதில், கை மூட்டுகள் வீங்கின. முடக்குவாதம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் செய்த வேலையோ முழுக்க முழுக்கக் கையால் செய்வது. மணலைவிடச் சிறிய படிகத்தை எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்த வேண்டும். எக்ஸ்ரே கருவியின் கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுக்க வேண்டும். 1938-ல் முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நோய் கடுமையாகத் தாக்கியது. சிகிச்சை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, எக்ஸ்ரே கருவியின் முதன்மை சுவிட்சை அவர் விரல்களால் தள்ள முடியவில்லை.

அப்போது என்ன செய்தார்கள்? வேலையை விட்டுவிடுங்கள் என்றார்களா? சுவிட்சை இயக்க நீளமான ஒரு நெம்புகோல் பொருத்தப்பட்டது. அவ்வளவுதான். ஒரு கோல். அதை அழுத்த அவர் கையால் முடிந்தது. விரல்கள் வளைந்த அதே கைகளால் 1945-ல் பெனிசிலினின் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1950-களில் வைட்டமின் பி-12. 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு. 1935-ல் முதல் எக்ஸ்ரே படம் எடுத்த இன்சுலினை 34 ஆண்டுகள் விடாமல் துரத்தி, 1969-ல் அதன் அமைப்பைத் திறந்து காட்டினார். அந்த இன்சுலின் குழுவில் இந்தியர் ஒருவரும் இருந்தார்: பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய எம். விஜயன்.

34 ஆண்டுகள் ஒரே மூலக்கூறைத் துரத்திய விடாமுயற்சி ஹாட்ஜ்கினுடையது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த நெம்புகோல்? அது ஆய்வகம் செய்ய வேண்டிய காரியம். அந்தக் கோல் இல்லாமல் போயிருந்தால் அத்தனை விடாமுயற்சியும் ஒரு சுவிட்சின் முன்னால் நின்றுபோயிருக்கும். நம் ஊரில் எத்தனை பேர் இன்று எந்தெந்த சுவிட்சின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள்?

வேலையிடத்தில் இப்படி மாற்றம் செய்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1983 முதல் வேலையிட மாற்றங்கள் பற்றி ஆலோசனை சொல்லிவரும் ஓர் அமைப்பு நிறுவனங்களிடம் தொடர்ந்து கேட்டு வருகிறது. செய்த மாற்றங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஒரு காசும் செலவாகவில்லை என்பதே நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில். வேலை நேரத்தை அரை மணி தள்ளிவைப்பது, இருக்கையை ஜன்னலோரம் மாற்றுவது, நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்யவிடுவது, இவற்றுக்கு என்ன செலவு?

உட்காருவதைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாட்டின் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021-ல் நம் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. அதற்கு முன்பு தியாகராய நகரிலும் திருச்சியிலும் மதுரையிலும் எத்தனை பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றே காலம் கழித்தார்கள்! கால் நரம்பு சுருண்டு, மூட்டு தேய்ந்து, சர்க்கரையால் பாதம் மரத்து நிற்பவர்களுக்கு அந்த ஸ்டூல்தான் நெம்புகோல். அது எல்லாக் கடைகளிலும் போடப்பட்டிருக்கிறதா என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

இப்போது இன்னும் உயரத்துக்குப் போவோம், விமானத்துக்கு. இன்சுலின் போடுபவர் பயணிகள் விமானம் ஓட்டலாமா? நெடுங்காலம் உலகம் கூடாது என்றே சொன்னது. வானத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிட்டால்? பயம் நியாயமானதுதான். பிரிட்டன் 2012-ல் அந்தப் பயத்தை வைத்துக் கதவைச் சாத்தாமல், அதை வைத்தே ஒரு விதி எழுதியது. புறப்படும் முன் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். பறக்கும்போது மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய அரை மணிக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அளவு பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று குறிக்க வேண்டும். மஞ்சள் என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும் அல்லது மருந்து போட வேண்டும். சிவப்பு என்றால் கட்டுப்பாட்டைச் சக விமானியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படிப் பறந்த 49 விமானிகளின் 38,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஆராய்ந்து முடிவு வெளியிட்டார்கள். 97 விழுக்காட்டுக்கும் மேல் பச்சை. ஒருவர்கூடச் செயலிழக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்த விமானிகள் அப்போதுதான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அளந்து பார்ப்பது, எழுதிவைப்பது, ஆபத்து வருமுன் அறிவது, அறிந்ததும் தயங்காமல் செயல்படுவது, இவை எல்லாம் நோய் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கியிருந்தவை. விதி அந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் கொடுத்தது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு வாசிம் அக்ரமை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1997-ல், 30 வயதையொட்டி, அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வேகப்பந்து வீச்சாளர்; அதற்குப் பிறகும் ஊசி போட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடி வந்து வீசினார். 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் மனிதரானார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயருக்குச் சிறுவயதிலேயே அதே நோய். அந்தக் காலத்தில் ஊசியைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி போடுவது யார் என்று வீட்டில் சண்டை வந்தபோது, அந்தச் சிறுமி நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டு ஏறி நின்று, தன் ஊசியைத் தானே காய்ச்சிப் போட்டுக்கொள்ளக் கற்றாள். பின்னாளில் வழக்கறிஞர், நீதிபதி, 2009-ல் உச்ச நீதிமன்றம்.

சரி, இவர்கள் புகழ்பெற்றவர்கள். நமக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகழே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு கணக்கர். அவர் தினமும் குடிக்கும் தண்ணீரை டம்ளர் கணக்கில் வைக்கிறார். எந்தக் கீரையைத் தவிர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனை நேரம், பஸ் நேரம், மகளின் பள்ளி நேரம், மூன்றையும் பொருத்தி வாரத்தைத் திட்டமிடுகிறார். நர்ஸோடும், காப்பீட்டு அலுவலகத்தோடும் பொறுமையாகப் பேசிக் காரியம் முடிக்கிறார். ஓர் அலுவலகம் மேலாளரிடம் எதிர்பார்ப்பது வேறு என்ன? டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் பத்து மணிக்கு வர அனுமதித்தால் போதும். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர் என்றால், பகலில் ஒரு தடவை திரவப் பையை மாற்ற, கதவு சாத்திய சுத்தமான ஓர் அறை போதும்.

நோய் எல்லோரையும் உயர்த்துகிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வலி வலிதான். களைப்பு களைப்புதான். சிலருக்கு எந்த மாற்றம் செய்தாலும் முழுநேர வேலை முடியாது. அவர்கள் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையாது, அவர்களுக்கு ஓய்வூதியமும் பராமரிப்பும் உரிமை. ஆனால் செய்ய முடிந்தவர்களைச் செய்யவிடாமல் தடுப்பது வேறு விஷயம். அதைத்தான் சட்டம் இன்று கேள்வி கேட்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சில செய்திகள். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பயன்படும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை அங்கீகரிக்கிறது. அவற்றில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் உண்டு. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய ரத்த நோய்களும் உண்டு. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் செல் தன்மை இருப்பதை 1952-லேயே மருத்துவ உலகம் பதிவு செய்தது. பணியில் இருக்கும்போது இத்தகைய நிலைக்கு ஆளான ஓர் அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கவும் முடியாது, பதவி இறக்கவும் முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ஆனால் ஒரு குறை. வேலையில் தரப்படும் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் ரத்த நோய்கள் சேர்க்கப்படவில்லை. பெயர் பட்டியலில் இருக்கிறது; பங்கு பந்தியில் இல்லை. இது மாற வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

மாற்றுத்திறன் சான்றிதழில் 40 விழுக்காடு பாதிப்பு இல்லை, அதனால் உனக்கு எந்தச் சலுகையும் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களா? 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. எழுதும்போது கை இறுகிப்போகும் நாள்பட்ட நரம்புக் கோளாறு உள்ள ஒரு மாணவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டு யு.பி.எஸ்.சி.க்கு எதிராக வழக்காடினார். நியாயமான வசதி செய்து தருவது 40 விழுக்காட்டைத் தொட்டவர்களுக்கு மட்டுமே உரியதல்ல என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அவர் பக்கம் நின்றது.

எச்.ஐ.வி. பற்றி 2017-ல் தனிச் சட்டமே வந்தது. 2018 செப்டம்பரில் அமலானது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்க அது தடை போடுகிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1997-ல், பம்பாய் உயர் நீதிமன்றம் வழி காட்டியிருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு தற்காலிகத் தொழிலாளியை ஒரு பொதுத்துறை நிறுவனம் ஒதுக்கியபோது, வேலையைச் செய்ய அவருக்கு உடல் தகுதி இருக்கிறதா, பிறருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், நோயின் பெயரைப் பார்த்து விலக்கக்கூடாது என்றது அந்த நீதிமன்றம். இருபது ஆண்டுகள் காத்திருந்து சட்டமானது அந்த நியாயம்.

தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையை அலட்சியமாக வைத்திருக்காதீர்கள். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, ஊதியத்தில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகள் பெற வழி இருக்கிறது. நோய்க்காலப் பயன் பெறும் நாட்களில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்றே 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் எழுதிவைத்தது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததால் எத்தனை பேர் தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்!

கடைசியாக, இளைஞர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. சொல்ல வேண்டுமா, வேண்டாமா? எப்படிச் சொல்வது?

எச்.ஐ.வி. தொற்று இருப்பதைச் சொல்லும்படி வேலை கொடுப்பவர் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மற்றவற்றில், வேலையைப் பாதிக்கும் அளவுக்கு, உதவி தேவைப்படும் அளவுக்குச் சொன்னால் போதும். நோயின் முழு வரலாறும் மேலாளருக்குத் தேவையில்லை. முதலில் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள், அடுத்து உங்களுக்கு வேண்டிய மாற்றத்தைச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடும் ஒருவர் தன் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்கு 12.30-க்குள் சாப்பிட வேண்டும். நான் வியர்த்துத் தடுமாறினால், பேச்சு குழறினால், மேஜை டிராயரில் குளுக்கோஸ் இருக்கிறது, கொடுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிடும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைக் கேட்கிறவர் பயப்படவும் மாட்டார். என்ன செய்வதென்று தெரிந்துகொள்வார்.

மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், "அப்படியா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். "உங்கள் வேலை தடைபடாமல் இருக்க நாங்கள் எதை மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, அந்த வாரமே மாற்றுங்கள். நோயை மற்றவர்களிடம் பேசாதீர்கள்.

மாற்றம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தின் மாதிரியும், இ.எஸ்.ஐ. நீண்டகால நோய்ப் பயனுக்கு விண்ணப்பிக்கும் முறையும் அச்சடித்து வாசல் மேஜையில் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு நேரம்; உங்கள் நோயின் பெயரைச் சொல்லாமலும் கேட்கலாம்.